இரத்தம் "நார்மல்", ஆனால் அம்மாவின் நகம் கழன்று வருகிறது

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது. 14 வருடமாக மருந்து அடிக்கும் வேலை. முன்பு தோட்டத்துக் கணக்கில் இருந்தார், இப்போது குத்தகைக்காரரிடம் நாள் சம்பளம். ஐந்தாறு மாதமாக வலது கைப் பெருவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் வெளுத்துத் தடித்து, சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு வருகின்றன. முதுகிலும் தொடையிலும் ஒரே அரிப்பு. சில நாள் மூக்கில் இரத்தம் வருகிறது. இரவில் கைகால் விரல்கள் மரத்துப்போகின்றன. போன வருடம் தோட்டத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, "எல்லாம் நார்மல்" என்று டிரெஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) சொல்லிவிட்டார். அடித்து முடித்ததும் டின் பால் கலக்கிக் குடித்தால் விஷம் முறிந்துவிடும் என்கிறார் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்). அம்மா வேலையை விட வேண்டுமா? புகார் செய்தால் வேலையும் போய், நாங்கள் இருக்கும் லயத்து வீடும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு ஆறு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் அம்மாதான் தூக்கி வைத்திருப்பார். நான் குழந்தைக்குத் தொடர்ந்து பால் கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் பதற்றம் கொஞ்சம் குறையட்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அம்மாவை இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அறிகுறி எதுவும் தெரியவில்லை. அதற்காக "நார்மல்" என்று சொல்லி விட்டுவிடுகிற விஷயமும் இல்லை. இந்த வாரமே அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். போகும்போது அவர் அடிக்கிற மருந்தின் பெயரைக் கையோடு கொண்டு போங்கள். அந்தப் பெயர் டாக்டர் எழுதும் குறிப்பில் ஏற வேண்டும். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோட்டத்திலிருந்து வருகிறவர்களிடம் கிளினிக்கில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. "என்ன வேலை?" "தோட்ட வேலை." "என்ன செய்யுது?" "அரிக்குது டாக்டர்." முன்னால் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் வேறு டாக்டர், வேறு களிம்பு. பல வருடம் மருந்துப் பம்பை முதுகில் சுமந்த பெண்களின் கிளினிக் அட்டைகளை நான் புரட்டியிருக்கிறேன். சளி, வயிற்றுவலி, பிரஷர் எல்லாம் வரிசையாக இருக்கும். இவர் விஷத்தோடு வேலை செய்கிறவர் என்பது மட்டும் எங்குமே இருக்காது. பின்னால் உதவித்தொகை கேட்டுச் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) போய் நிற்கும்போது, அவர்கள் கேட்கிற முதல் காகிதமே அதுதான்.

சரி, இரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். தோட்டங்களில் மருந்து அடிப்பவர்களுக்கு வழக்கமாக எடுப்பது கோலினெஸ்டரேஸ் என்ற ஒரு பொருளின் அளவு. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சேதி, வேலை முடிந்ததும் நிற்பதற்கு உடம்பு வைத்திருக்கும் பொருள் அது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு வகைப் பூச்சி மருந்துகள் அதை முடக்கிவிடும். மட்டையைத் தின்னும் புழுவுக்காகச் செம்பனை மரத்தில் துளை போட்டு ஊற்றுகிறார்களே, அது பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட் வகை. அந்த வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை மிகவும் அவசியம்.

ஆனால் உங்கள் அம்மா அடிப்பது புல் மருந்து என்று நினைக்கிறேன். கிளைபோசேட், குளுஃபோசினேட், மெட்சல்ஃப்யூரான், முன்பு பாராகுவாட் எல்லாமே களைக்கொல்லிகள். இவை கோலினெஸ்டரேஸைத் தொடுவதில்லை. அவர் உடம்பு பூராவும் நனைந்து தோல் வெந்துபோயிருந்தாலும் அந்தப் பரிசோதனை "நார்மல்" என்றுதான் வரும். டிரெஸ்ஸர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பரிசோதனை கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். உங்கள் அம்மாவின் கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பூச்சி மருந்தே அடித்தாலும் கூட, ஒரே ஒரு தடவை எடுத்த அளவை வைத்து ஒன்றும் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் அந்த அளவு வெகுவாக மாறும். ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகும் அது "நார்மல்" எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். அதனால் மருந்து வேலையில் சேருமுன் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு எடுப்பதை அதோடு ஒப்பிட வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் மருந்து அடிக்காமல் இருந்துவிட்டு அப்போது இரத்தம் எடுத்தால், குறைந்திருந்ததும் பழையபடி ஏறியிருக்கும். இதையெல்லாம் கேட்டுப் பார்த்தீர்களா என்று நான் உங்களைக் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியது நீங்கள் அல்ல.

இப்போது நகம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதுதான்.

பாராகுவாட் அடித்தவர்களுக்கு நகம் வெளுப்பது, குறுக்கே வெள்ளைப் பட்டை விழுவது, கழன்று விழுவது, மூக்கில் இரத்தம் வருவது எல்லாம் டாக்டர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த அடையாளங்கள். தோட்டத்தில் பழைய ஆட்கள் "கிராமக்சோன்" என்று சொல்வார்கள், அந்த மருந்துதான். மலேசியாவில் 2002-இல் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை வந்தது. தெனகானித்தா போன்ற பெண் தொழிலாளர் உரிமை அமைப்புகளும், மருந்தடித்துக் கைகால் புண்ணான தோட்டத்துப் பெண்களும் பல வருடம் குரல் கொடுத்துத்தான் அது நடந்தது.

அம்மா அந்தக் காலத்திலும் மருந்து அடித்திருக்கிறார். அப்படியானால் இது அந்தப் பழைய மருந்தின் பாதிப்பா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனி வரை புது நகம் வர ஆறு மாதம் போதும். 2019-இல் கெட்டுப்போன நகத்தை அம்மா எப்போதோ வெட்டி எறிந்திருப்பார். இன்றைக்கு அவர் விரலில் இருக்கும் நகம் கடந்த ஆறு மாதத்தில் நடந்ததைக் காட்டுகிறது. ஆகவே கேள்வி இதுதான்: இந்த ஆறு மாதமாகப் பம்பில் என்ன இருக்கிறது?

இதற்கு அம்மாவிடமே பாதி பதில் இருக்கும். மருந்து அடித்த புல் எத்தனை நாளில் காய்கிறது என்று கேளுங்கள். நல்ல வெயிலில், அடித்த மறுநாளே கருகிப்போகிறது என்றால் அது பாராகுவாட் மாதிரி தொட்ட இடத்தைக் கருக்கும் மருந்தாக இருக்கலாம். நாலைந்து நாளில் என்றால் குளுஃபோசினேட்டாக இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மெதுவாக மஞ்சள் பாய்ந்து சாகிறது என்றால் கிளைபோசேட். இது ஆய்வுக்கூட முடிவு ஆகாது. ஆனால் ஸ்டோரில் லேபிள் இல்லாத கலனில் மருந்து வந்து, மறுநாளே புல் கருகுகிறது என்றால் நான் சந்தேகப்படுவேன். தடை செய்த சரக்கு எங்காவது இன்னும் புழங்குகிறதென்றால் அது வேளாண் இலாகாவுக்குத் தெரிய வேண்டிய சங்கதி.

இன்னொரு பக்கமும் உண்டு. வலது கையின் இரண்டு விரல் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பின் கைப்பிடியை அழுத்திப் பிடிக்கும் கை எது, மருந்தை அளந்து ஊற்றும் கை எது என்று பாருங்கள். அநேகமாக அதே கையாக இருக்கும். மூடி சரியாக இல்லாத கலனிலிருந்து ஊற்றும்போது, கலக்காத மருந்து வழிவது பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும்தான். பம்பில் தண்ணீர் கலந்த பிறகு மருந்து நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். கலக்குமுன் கலனில் இருப்பது அதைப் போலப் பல மடங்கு கெட்டி. நாள் முழுக்கப் புல்லில் அடித்துப் படுவதைவிட, காலையில் கலக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் விரலில் படுவது அதிகக் கெடுதல் செய்யும்.

அப்புறம், துணிக் கையுறை. பல தோட்டங்களில் இன்னமும் வெள்ளைத் துணிக் கையுறையைக் கொடுத்துவிட்டு "பாதுகாப்புக் கொடுத்தோம்" என்கிறார்கள். துணி மருந்தைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நகத்தின் மேலேயே ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதற்கு வெறுங்கையே மேல். வெறுங்கையையாவது உடனே கழுவலாம். மருந்து வேலைக்கு வேண்டியது முழங்கை வரை வரும் நைட்ரில் (மருந்து ஊறாத ஒரு வகை ரப்பர்) கையுறை. கழற்றுவதற்கு முன் கையுறையோடு சேர்த்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

நகம் கழல்வதற்குப் புல் மருந்தோடு சம்பந்தமே இல்லாத காரணமும் இருக்கலாம். எப்போதும் ஈரத்தில் இருக்கும் விரலில் பூஞ்சை பிடித்தாலும் நகம் இப்படித்தான் தடிக்கும், தூக்கும். டாக்டர் நகத்தின் ஒரு துண்டைச் சுரண்டி அனுப்பினால் தெரிந்துவிடும். அதே மாதிரி, இரவில் கைகால் மரத்துப்போவதை நான் உடனே மருந்தின் தலையில் போட மாட்டேன். 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம்மவர்களிடம் அது இன்னும் அதிகம். பலருக்கு இருப்பதே தெரியாது. அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையையும் சேர்த்து. மூக்கில் இரத்தம் வருவதால் பிரஷரும் பார்க்க வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் ஒரு தடவை பார்த்துவிடட்டும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் நெஞ்சுப் படமும் எடுக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. சர்க்கரை இருப்பது தெரிந்ததும் "எல்லாம் சர்க்கரையால்தான்" என்று மருந்து விஷயத்தை மூடிவிடுவார்கள். விடாதீர்கள். ஒருவருக்குச் சர்க்கரையும் இருக்கலாம், மருந்தால் தோலும் வெந்திருக்கலாம். சர்க்கரை உள்ளவரின் புண் ஆறுவது தாமதம் என்பதால் அவரை மருந்திலிருந்து தள்ளி வைக்க அது இன்னொரு காரணம்.

முதுகிலும் தொடையிலும் அரிப்பு என்பதற்குப் பதில் பம்பிலேயே இருக்கிறது. அம்மாவின் பம்பை ஒரு நாள் போய்ப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கும். குனிகிற ஒவ்வொரு தடவையும் மேலே இருந்து கொஞ்சம் முதுகில் சிந்தும். அடியில் குழாய் சேரும் இடத்தில் ரப்பர்த் துண்டையோ பிளாஸ்டிக் பையையோ சுற்றிக் கட்டியிருப்பார்கள். அது கசிந்து இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கும். 18 லிட்டர் பம்பு நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 18 கிலோ. அந்தப் பாரத்தில் தோள்வார் முதுகோடு அழுந்தி, வியர்வையில் ஊறிய சட்டையை மருந்தோடு சேர்த்துத் தோலில் தேய்த்துக்கொண்டே இருக்கும். வியர்த்த தோல், தேய்ந்த தோல், தொடை இடுக்கு, நெற்றி எல்லாம் மருந்தை வேகமாக உறிஞ்சும்.

நம் ஆட்கள் மருந்து என்றால் மூக்கைத்தான் மூடுகிறார்கள். துண்டை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டு, சட்டை முழுக்க நனைந்து நிற்பார்கள். புல் மருந்தில் விஷம் பெரும்பாலும் உள்ளே போவது தோல் வழியாகத்தான். முகத்தில் கட்டிய துண்டும் நனைந்துவிட்டால் அது வாயிலும் மூக்கிலும் மருந்தை ஒட்டி வைத்த மாதிரிதான். மூக்கில் இரத்தம் வருவதற்கு அந்த ஈரத் துண்டே ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு பழக்கமும் உண்டு. நோசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். அம்மாவும் செய்வாராக இருக்கும், வேகமாக வேலை முடிய வேண்டுமே. தயவு செய்து நிறுத்தச் சொல்லுங்கள். பையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் ஒரு கூடுதல் நோசிலும் இருந்தால் போதும்.

பேன்ட்டைப் பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே விட வேண்டும், இல்லையென்றால் வழிவதெல்லாம் பூட்ஸுக்குள் போய்த் தேங்கும். காற்று அடிக்கும் பக்கம் பார்த்து, தான் அடித்த புல்லுக்குள் தானே நடக்காத மாதிரி போக வேண்டும். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் சீக்கிரம் ஆரம்பித்து வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. இதையெல்லாம் அம்மாவுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும். ஏக்கர் கணக்கில் கூலி என்றால் யாருக்கும் காற்றின் திசை பார்க்க நேரம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பம்பின் ரப்பர் வளையத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன். சில வெள்ளியில் (ரிங்கிட்) முடிகிற காரியம் அது, ஆளின் கவனத்தை நம்பி இருப்பதும் இல்லை.

டின் பால் விஷயம். பால் குடித்தால் மருந்து முறியாது. தோல் வழியாக இரத்தத்தில் கலந்ததை வயிற்றில் இருக்கும் பால் போய்ப் பிடித்துவிட முடியாது. பசிக்குக் குடிக்கட்டும், சர்க்கரை இருந்தால் அதுவும் வேண்டாம். "பால் கொடுக்கிறோம்" என்று சொல்லிச் சோப்பும் தண்ணீரும் குளிக்க இடமும் கொடுக்காமல் விடுவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். மருந்து வேலை முடிந்த இடத்திலேயே குளித்து உடை மாற்ற வசதி இருக்க வேண்டும். அந்த ஒரு வசதி எல்லா டின் பாலையும்விட மேல்.

வேலையை விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து அடிப்பதை விட வேண்டும், நகமும் தோலும் ஆறும் வரையாவது. ஆனால் வேலையையே விட்டுவிடாதீர்கள், குறிப்பாகத் தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இது இரண்டும் வேறு வேறு. உதிரிப் பழம் பொறுக்குவது, கன்று மேடை (நாற்றுப் பண்ணை), ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) இருந்தால் அங்கே என்று வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். வெறுமனே அம்மா போய்க் கேட்டால் மண்டோரின் மனசைப் பொறுத்தது. டாக்டரின் கடிதத்தோடு கேட்டால் அது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்புக்குக் கெடுதலான இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தொழிலாளர்கள் என்ன மருந்தைத் தொடுகிறார்கள், எவ்வளவு ஆபத்து என்று முதலாளி தகுதியுள்ளவரை வைத்து மதிப்பிட வேண்டும். அதில் தேவை என்று தெரிந்தால், தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவில் (ஜேகேகேபி) பதிந்த தொழில்சுகாதார டாக்டரைக் கொண்டு 12 மாதத்துக்கு மிகாமல் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த டாக்டர் இவர் மருந்தில் வேலை செய்யக் கூடாது என்று எழுதினால் வேறு வேலை தர வேண்டும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் கூட அப்படி விலக்கி வைக்கச் சொல்கிறது. பாதுகாப்புச் சாமான்களுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்புப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதும் அவரைப் பாதிக்கும்படி நடத்துவதும் அதே சட்டத்தில் குற்றம். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் உங்களுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது: குத்தகைக்காரரின் ஆட்களுக்கும் தோட்டம் பொறுப்பாளிதான். "அவர் எங்கள் ஆள் இல்லை, குத்தகைக்காரரைக் கேள்" என்று ஆபீசில் கைகழுவ முடியாது.

காகிதத்தில் இருப்பது வேறு, லயத்தில் நடப்பது வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். வீடு தோட்டத்தினுடையதாக இருக்கும்போது வாய் திறக்க யாருக்கும் பயம் வரும், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறேன். முதல் படி கிளினிக். அது புகார் இல்லை, நோய்க்கு வைத்தியம் பார்ப்பது. யாரும் குறை சொல்ல முடியாது. அங்கே மருந்தின் பெயரோடு, என்ன வேலை, எத்தனை வருடம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இது வேலையால் வந்த நோய் என்று டாக்டர் கருதினால், 7 நாளுக்குள் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர் கடமை. அது டாக்டரிடமிருந்து போகும் கடிதம், அம்மா செய்த புகாராக ஆகாது. இந்தக் கடமை பல இளம் டாக்டர்களுக்கு நினைவில் இருப்பதில்லை. "டாக்டர், இதை ஜேகேகேபிக்கு அறிவிக்க வேண்டுமா?" என்று நீங்கள் மரியாதையாகக் கேட்டாலே போதும், அவர் யோசிப்பார்.

அடுத்து சொக்சோ. ஈப்போ அலுவலகத்தில் அம்மாவின் அடையாள அட்டையைக் காட்டி, குத்தகைக்காரர் சந்தா கட்டுகிறாரா என்று பாருங்கள். தொழில்நோய்க்கும் சொக்சோவில் இடம் உண்டு, தோல் நோய் உட்பட. டாக்டர் நான்கு நாளோ அதற்கு மேலோ எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்து, அது வேலையால் வந்தது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால், அந்த நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். சந்தா கட்டவில்லை என்று தெரிந்தால் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள், அங்கேயே சொல்லுங்கள். கட்டாதது குத்தகைக்காரரின் குற்றம்.

மூன்றாவதாக, தனியாகப் போகாதீர்கள். மருந்துக் கும்பலில் அம்மாவோடு இன்னும் நாலைந்து பெண்கள் இருப்பார்கள். அவர்கள் கைகளையும் பாருங்கள். இரண்டு பேருக்கு நகம் அப்படி இருந்தாலே இது ஒருவர் உடம்பின் கோளாறு இல்லை என்று தெரிந்துவிடும். எல்லோருமாகச் சேர்ந்து, தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் அதன் மூலமாக, எழுத்தில் கேளுங்கள்: மருந்தின் பெயர், அதன் பாதுகாப்புத் தாள், நைட்ரில் கையுறை, கசியாத பம்பு, குளிக்க இடம். வாய்ப்பேச்சாகக் கேட்டதை அன்று மாலையே மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் இலாகாவில் புகார் கொடுக்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மருந்தின் பெயரை எப்படிப் பிடிப்பது? கைப்பேசியில் கலனின் லேபிளைப் படம் எடுப்பதுதான் எளிது. பிராண்ட் பெயர் மட்டும் போதாது. கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளும் அதன் விழுக்காடும் தெரிய வேண்டும். அடியில் இருக்கும் பட்டையின் நிறமும் படத்தில் விழட்டும். மலேசியாவில் கறுப்புப் பட்டை மிகக் கொடியது, அடுத்தது சிவப்பு, பிறகு மஞ்சள், நீலம் என்று இறங்கும். நீலம் என்றால் தொடலாம் என்று அர்த்தம் இல்லை. அந்த வரிசை பெரும்பாலும் விழுங்கினாலோ தோலில் பட்டாலோ உடனே உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை வைத்துப் போடுவது. வருடக்கணக்கில் தோலில் ஊறினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

இடையில் ஏதாவது அவசரம் வந்தால்: கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுப் பிறகு கிளம்புங்கள். கண்மணி சிறுத்து, எச்சில் வழிந்து, வியர்த்து, தசை துடிக்கிறது என்றால் அது பூச்சி மருந்து விஷம், 999-ஐ அழையுங்கள். யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். லேபிளோடு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஆள் தெளிவாகப் பேசினாலும் காத்திருக்க வேண்டாம். பாராகுவாட் ஒரு மடக்கு போதும், முதல் நாள் ஒன்றுமில்லாத மாதிரி இருந்து பிறகு நுரையீரலைக் கெடுக்கும். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. மருந்துக் கலனைத் தண்ணீர் பிடிக்கவோ எண்ணெய் வைக்கவோ வீட்டுக்குக் கொண்டு வரும் பழக்கம் உங்கள் லயத்தில் எங்கே இருந்தாலும் சொல்லி நிறுத்துங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடு.

குழந்தை விஷயம் கடைசியாக. நீங்கள் மருந்து வேலை செய்யவில்லை, ஆகவே தாராளமாகப் பால் கொடுங்கள், நிறுத்த ஒரு காரணமும் இல்லை. பார்க்க வேண்டியது அம்மாவின் உடை. வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி, நேரே குளியலறைக்குப் போய்த் தலையோடு சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் பிறகுதான் பேரப்பிள்ளையைத் தொட வேண்டும். அழுதாலும் அதுவரை நீங்களே வைத்திருங்கள். அவருடைய வேலைத் துணியைத் தனி வாளியில் ஊற வைத்து, கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். மெஷினில் போடுவதென்றால் அந்தத் துணியை மட்டும் போட்டு எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் இன்னொரு சுற்று ஓடவிட்டுப் பிறகு குழந்தையின் துணியைப் போடுங்கள். அம்மாவுடைய வேலைத் துணி காயும் கொடியில் பிள்ளைத் துணி வேண்டாம்.

கிளினிக் போய் வந்த பிறகு, லேபிள் படத்தையும் டாக்டர் எழுதியதையும் எனக்கு அனுப்புங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் மேற்கொண்டு எந்தப் பரிசோதனை வேண்டும், அம்மாவை எவ்வளவு காலம் மருந்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பதை என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.